பதின்மூன்றாவது வரிசை

நவம்பர் 12, புதன்

எண்ணூர் கன்டெய்னர் யார்டுக்காக நான் எழுதிய சின்ன நிரல்மொழியில், யார்டு என்பது பன்னிரண்டு வரிசை உள்ள ஒரு மேட்ரிக்ஸ், அதாவது எண் கட்டம். இல்லாத வரிசையைக் கேட்டால் பிழை காட்டி நிற்கும்படிதான் முதலில் வைத்திருந்தேன். பிழைச் செய்தி வந்தால் வாடிக்கையாளர் முகம் சுளிப்பார், மேட்ரிக்ஸ் தானாக வளரட்டும் என்றான் மேலாளர் ரகு. வளரவிட்டேன்.

இன்று அலுவலகத்தில் யாரோ 12க்குப் பதில் 13 என்று தட்டிவிட்டார்கள். கடலைத் தூர்த்து நிலம் எடுக்க மற்றவர்களுக்கு வருடக்கணக்காகிறது. எங்கள் மொழிக்கு ஒரு நொடி. பெட்டியைப் பதின்மூன்றாவது வரிசையில் வைக்கும்படி கிரேன் ஓட்டும் சேவியர் அண்ணனுக்கு உத்தரவும் போய்விட்டது. அவர் பெட்டியைத் தரையில் வைத்துவிட்டு இறங்கி வந்தார்.

"பன்னண்டுக்கு அப்பால செவுருதான் கீது சார். அதுக்கு அந்தாண்ட டீக்கடை. யார் தலைல வெக்கறது?"

"சிஸ்டத்துல இடம் இருக்கே," என்றான் ரகு.

"அப்ப சிஸ்டத்தையே வந்து எறக்கச் சொல்லு சார்."

மாலைக்குள் சேவியர் மீது பணி மறுப்புப் புகார் தயார். வேலை போய்விடும். நிரல் சரியாக இயங்கியது என்று நான் சான்று தர வேண்டுமாம். சரியாகத்தான் இயங்கியது.

எழுதிவிட்டேன்: அந்த வரிசை நிலத்தில் இல்லை, மொழியில் மட்டும் உண்டு, ரகு கேட்டுச் செய்தது. நான் மறுக்காததை எழுதவில்லை. அதை ரகு நாளை எடுத்துச் சொன்னால் என் சான்றை யாரும் நம்பமாட்டார்கள், சேவியருக்கும் பயனில்லை. அதையும் சேர்க்க வேண்டும். மறுக்கவில்லை என்று மட்டும் எழுதினால் போதாது. வளரட்டும் என்று ரகு சொன்ன அன்று, நல்ல யோசனை என்று நானே சொன்னேன்.