ஸ்டெல்லாவின் லாஞ்சில் சூட்டு மணி

7-2-74, வியாழன்
வாடைக்காற்று. காலையில் ஆப்பம், நேற்றைய மீன்குழம்பு.

தங்கை மகள், என் மருமகள் ஸ்டெல்லாவின் லாஞ்சு, கோயில் சாமியார் மந்திரித்துக் கடலில் இறக்கியபின் முதல் ஓட்டம். அவள் மாப்பிள்ளைக்குக் கப்பலில் வேலை. அவர் வரும்வரை லாஞ்சு அவள் பொறுப்பு, எஞ்சின் அடியேன் பொறுப்பு. துறைமுகம் தாண்டி முழு வேகம் கொடுத்ததும், எஞ்சின் சூடேறினால் அடிக்கிற சூட்டு மணி அலறியது. கொழும்பில் தூங்கினவன் எழுந்து உட்கார்ந்திருப்பான். வேகத்தைக் குறைத்தால் ஓய்கிறது. கூட்டினால் மறுபடி. திரும்பிவிட்டோம். சங்கு குளிக்கவில்லை.

குளிக்கிற ஆட்களுக்குத் தலைவன் சூசை. இறங்கும்போதே ஆரம்பித்தான். “பொம்பள நடத்துத லாஞ்சு இப்படித்தான் அண்ணாச்சி. சனிக்கெழமைக்குள்ள சரியாகலன்னா நாங்க வேற லாஞ்சு பாத்துக்கிடுதோம்.”

அவள் காதில் விழும்படிதான். ஆட்கள் போனால் சீசன் முழுக்க லாஞ்சு கரையில் கிடக்கும். மாப்பிள்ளையின் அண்ணன்மார் சாவியைக் கேட்டு வருவார்கள். அவள் பாட்டுக்கு லாஞ்சுக் கயிற்றை இழுத்துக் கட்டினாள். என் மருமகள்!

8-2-74, வெள்ளி
வெயில். முதுகுப் பிடிப்பு. தைலம் வாங்கணும்.

பார்த்தவை: பம்பு பெல்ட், இறுக்கம் சரி. பம்பின் ரப்பர் இறக்கைகள், ஒன்றும் உடையவில்லை. உள் வடிகட்டி, என் மனச்சாட்சியைவிடச் சுத்தம்.

மணியே பொய் சொல்கிறதோ? சூடு பார்க்கும் முனையைக் கழற்றி, ஸ்டெல்லா காப்பிக்கு வைத்த கொதிநீரில் விட்டேன். அலறல். வெதுவெதுப்பில் மௌனம். மணி யோக்கியன். குற்றவாளி வேறு எங்கோ.

சூசை எட்டிப் பார்த்தான். “வயர நறுக்கி விட்டிருங்க அண்ணாச்சி. சத்தம் இல்லன்னா தொல்லையும் இல்ல.”

கையில் குறடு. எனக்கும் சபலம். நாளைக்குச் சனியாயிற்றே.

ஸ்டெல்லா: “மாமா, அதத் தொட்டீங்கன்னா இந்த லாஞ்சுல ஏறாதீங்க. நடுக்கடல்ல எஞ்சின் இறுகிப்போனா இத்தன பேரையும் யாரு கரைக்குக் கொண்டாருவா? சூசையண்ணே, ஒம்ம பொண்டாட்டிக்கு நானா போயி பதில் சொல்ல?”

நான் குறடைப் பெட்டியில் போட்டேன். சக்கரவர்த்திகள் வாளைக் கீழே வைத்ததும் இப்படித்தான் இருந்திருக்கும்.

தைலம் வாங்க மறந்தாச்சு.

9-2-74, சனி
காற்றில்லை. எண்ணெய் தடவினாற்போல் கடல்.

லாஞ்சைக் கரையில் கட்டிப்போட்டபடியே எஞ்சினை ஓடவிட்டு வேகத்தைக் கூட்டினேன். ஸ்டெல்லா, தண்ணீர் வெளியே கொட்டும் பக்கக் குழாயையே பார்த்து நின்றாள்.

“மாமா, வேகம் கூடுது. தண்ணி கூடலயே!”

உண்மை. எஞ்சின் யானையாய்ப் பிளிறுகிறது, குழாய் பச்சைப்பிள்ளை மூத்திரமாய் ஒழுகுகிறது. அப்படியானால் கடல் தண்ணீர் உள்ளே வரும் வாயில்தான் அடைப்பு. அது லாஞ்சின் அடியில், தண்ணீருக்குள்.

கெடு நாளாயிற்றே என்று ஆட்களோடு வந்து நின்ற சூசையிடம் திரும்பினாள். “எட்டுப் பாகம் ஆழத்துல முங்கி சங்கு எடுக்குத ஆளு, ஒரு பாகம் முங்கி இதப் பாக்க மாட்டீரா?”

ஆட்கள் சிரித்துவிட்டார்கள். எஞ்சினை நிறுத்தினேன். குதித்தான்.

மேலே வந்தவன் முகத்தில் ஈயாடவில்லை. “தண்ணி வாய மூடியிருக்க சல்லடத் தட்டுல முக்காவாசி ஓட்ட பெயிண்டால அடஞ்சு கெடக்கு.”

சாமியார் மந்திரிக்க வருமுன் லாஞ்சுக்கு ஆளுக்கொரு பூச்சு அடிப்பது இங்கே வழக்கம். யார் பூச்சு கனம் என்று போட்டி வேறு. அடிப்பாகம் அடித்தது சூசை கோஷ்டி. என்ன பக்தி! அந்தப் பெயிண்டில் மாதா கோயில் முழுவதையும் அடித்து, மிச்சத்தில் இலங்கைக்கு ஒரு கை பூசியிருக்கலாம்.

‘பொம்பள நடத்துத லாஞ்சா, நீ அடிச்ச பெயிண்டா?’ என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது எனக்கு. ஸ்டெல்லா சுரண்டுகிற கத்தியை நீட்டினாள், அவ்வளவுதான். முங்கி முங்கிச் சுரண்டினான். பிறகு குழாயில் குற்றாலம்!

மதியம், துறைமுகம் தாண்டி முழு வேகம். முயல் தீவு பயந்து பின்னால் ஓடிற்று. சூட்டு முள் நடுவிலேயே. மணி வாய் திறக்கவில்லை. எனக்குக் கண்ணில் தண்ணீர். டீசல் புகை என்று சொல்லிவைத்தேன்.

கரையில் சூசை கேட்டான், “திங்கக்கெழம எப்பம் கெளம்பணும்?”

என்னை அல்ல. அவளை.

“விடிவெள்ளி முளைக்கயில. எல்லாரும் வந்திரணும்.”

“சரி தாயி.”

எஞ்சினோடு கிடந்து நரைத்தவன் பக்கத்திலேயே நிற்கிறேன், ஒருத்தன் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. மார்பு விரிந்து சட்டைப் பொத்தான் ஒன்று தெறித்தே விட்டது. டீசல் பிடிக்கப் போகணும். மருமகள் உத்தரவு.