பேர் போடாத சீட்டு

என் உயிரான மல்லிகா அக்கா,

போய்ச் சேர்ந்த மேலுலகத்திலும் விடியும் முன்பே எழுந்து மாவைக் கலக்கிக்கொண்டுதான் இருப்பாய். சும்மா இருக்கத் தெரியாதவள் நீ. கொஞ்சம் கரண்டியைக் கீழே வை. உன் அப்பக் கடைக்கு நேர் எதிரே இன்னோர் அப்பக் கடை வந்துவிட்டது. சந்தை வியாபாரிகள் சங்கத் தலைவியாக உட்கார்ந்துகொண்டு அதை வரவிட்டது உன் தங்கைதான். திட்டுவதற்கு முன்னால் முழுவதையும் கேள்.

கடை போட்டிருப்பவள் வசந்தி. நம் பழைய ரப்பர் தோட்டத்துக் கடைக்காரரின் மகள்.

அந்தக் கடையை மறந்திருக்க மாட்டாய். தொழிலாளர்கள் குடியிருந்த லயத்து வீடுகள் அத்தனைக்கும் அது ஒன்றுதான். கடைக்காரரே கோயில் கமிட்டிக்கும் தலைவர். ஒவ்வொரு வருடமும் அவர் பேரைச் சொல்வார்கள், எல்லாக் கைகளும் மேலே போகும். தூக்காதவன் மறுநாள் யாரிடம் அரிசி வாங்குவான்? ஒரு வருடம் நீ மட்டும் கையை மடியிலேயே வைத்திருந்தாய். காலையில் நான் எண்ணெய் வாங்கப் போனேன். "எண்ண தீந்துபோச்சி" என்றார். அவர் முதுகுக்குப் பின்னால் டின் டின்னாக எண்ணெய் இருந்தது. அதற்கப்புறம் ஒரு மாதம் நாம் மாற்றி மாற்றிச் சுங்கைப் பட்டாணி டவுனுக்கு பஸ் ஏறிச் சாமான் வாங்கி வந்தோம். அம்மா திட்டித் தீர்த்தாள்.

பிறகு தோட்டம் கைமாறி, நாம் டவுனுக்கு வந்து, காலைச் சந்தையில் நீ கடை போட்டாய். சங்கத்துச் செயலாளர் ஆனதும் நீ செய்த முதல் வேலை, கை தூக்குவதை நிறுத்தியது. ஒரு பிஸ்கட் டின்னின் மூடியில் ஓட்டை போட்டு நடுவில் வைத்தாய்.

அந்த முதல் வாக்கெடுப்பின் கூத்தை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. டின்னைத் திறந்தால் சீட்டுக்குச் சீட்டு பேர், அப்பா பேர், சிலதில் எந்தத் தோட்டம் என்பதுகூட. நம் ஆட்களுக்குச் சீட்டு என்றால் திருவிழா உபயச் சீட்டுதானே. "இது என்னா உபயமா, மைக்குல படிக்கிறதுக்கு? யாரு எதுக்குப் போட்டாங்கன்னு தெரிஞ்சா, கை தூக்குனதுக்கும் இதுக்கும் என்னா வித்தியாசம்?" என்று கேட்டுவிட்டு, அத்தனையையும் அடுப்பில் போட்டு மறுபடி எழுத வைத்தாய். மீன் கடை அந்தோணி அண்ணன், "பேரு போடாத சீட்டு அனாதப் புள்ள மாரி இருக்கு லா" என்று முணுமுணுத்துக்கொண்டே எழுதினார்.

போன மாதம் வசந்தி மனு கொடுத்தாள். சந்தையில் காலியாக இருந்தது ஒரே இடம், நமக்கு எதிரே. எனக்கு வயிறு எரிந்தது அக்கா, உன்னிடம் மறைப்பானேன்? உன் மகன் காலேஜ் படிப்பதே இந்தக் கடையை நம்பித்தான். அந்தப் பயம் பாதி, பழைய எண்ணெய் டின் பாதி.

ஞாயிற்றுக்கிழமை கூட்டம். வசந்தி வாசல் ஓரமாக நின்றிருந்தாள். அந்தோணி அண்ணன் எழுந்து, "தலைவி கடைக்கு எதுக்க அதே கடையா? வேணாம்னு கை தூக்குவோம், அஞ்சு நிமிசத்துல முடிஞ்சிரும் லா" என்றார். சொல்லி முடிப்பதற்குள் பாதிக்கு மேல் கைகள் மேலே போய்விட்டன. நான் ஒன்றுமே செய்ய வேண்டியதில்லை, வாயை மூடிக்கொண்டிருந்தாலே போதும்.

அப்போதுதான் வளையல் கடை பாத்திமாவைப் பார்த்தேன். கையைத் தூக்கிவிட்டு, சரிதானே என்று கேட்பதுபோல் என் முகத்தைப் பார்த்தாள். கோயில் கூட்டத்தில் நம் அம்மா கடைக்காரரை அப்படித்தான் பார்ப்பாள். கடைக்காரர் இடத்தில் இப்போது நான்.

"கைய எறக்குங்க" என்றேன். "டின்ன எடுத்துட்டு வாங்க. அவ சுத்தமா செய்வாளா, அடுத்தவங்க வழிய மறைக்காம கடை போடுவாளான்னு மட்டும் பாருங்க. யாரு மகள்னு பாக்காதீங்க. என் மொகத்தையும் பாக்காதீங்க."

சீட்டுகளைப் பிரித்தபோது பெரும்பாலானவை 'வரட்டும்' என்றே சொல்லின. சற்று முன் கை தூக்கியவர்களும் அதில் இருந்தே ஆக வேண்டும். ஒரு சீட்டில்கூடப் பேர் இல்லை அக்கா. நீ பார்த்திருக்க வேண்டும்.

வீட்டில் உன் மகனிடம் சொன்னேன். "சின்னம்மா, இதத்தான் காலேஜ்ல ஜனநாயகம், சுதந்திர வியாபாரம்னு ரெண்டு பாடமா நடத்துறாங்க" என்றான். எதற்கு இரண்டாகப் பிரித்தார்களோ தெரியவில்லை. ஒரே கடை இருந்த இடத்தில் நம்மால் பயமில்லாமல் வாக்களிக்க முடிந்ததா? பயந்து கை தூக்கிய இடத்தில் இரண்டாவது கடைதான் வந்ததா? அதனால்தானே 'ஒருவருக்கு ஓர் இடம்' என்று நீ விதி எழுதினாய். யாரும் கடை போடலாம், ஆனால் ஒரே ஆள் சந்தையை வளைத்துப் போடக் கூடாது. அந்த விதி இன்னும் அப்படியே இருக்கிறது, எனக்கும் சேர்த்துத்தான்.

முதல் நாள் வசந்திக்குப் பாதியிலேயே எண்ணெய் தீர்ந்துவிட்டது. என்னிடம் கேட்கக் கூச்சப்பட்டுக்கொண்டு நின்றாள். நானே ஒரு போத்தலைக் கொண்டுபோய் வைத்தேன். அவள் அப்பத்தின் ஓரம் நம்முடையதைவிட மொறுமொறுப்பு, என்ன செய்ய. நம் வாடிக்கையாளர்கள் சிலர் அந்தப் பக்கம் போய்விட்டார்கள். நான் முட்டை அப்பம் போட ஆரம்பித்திருக்கிறேன், இரண்டு பேர் திரும்பி வந்திருக்கிறார்கள்.

அடுத்த தேர்தலில் தலைவி பதவிக்கு என்னை எதிர்த்து அவளே நிற்கப் போகிறாளாம். நிற்கட்டும். நான் தோற்றால் உன் டின்னைத் துடைத்து, என் கையாலேயே அவளிடம் கொடுப்பேன். இது உனக்கு நான் கொடுக்கும் வாக்கு.

அன்றைக்கு நான் எதற்குப் போட்டேன் என்று நீ கேட்பாய். சொல்ல மாட்டேன், உனக்கும்கூட. நான் பேர் போட்டுத் தருவது இந்தக் கடிதத்தை மட்டும்தான்.

உன் கூடப்பிறந்த தங்கை,
ராஜாத்தி