மச்சான் ஒதுங்கிப் போன வழி

அன்பு மச்சானுக்கு,

நான் போனில் எழுதி அனுப்புவதை அக்காவைப் படிக்கச் சொல்லிவிட்டு, நீங்கள் நண்டு உடைத்துக்கொண்டே கேட்பீர்கள். இதை யார் உங்களுக்குப் படித்துக் காட்டுவார்களோ தெரியவில்லை. ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. வாய்க்காலுக்கு அடையாளக் கம்பு நட்டுவிட்டார்கள்.

மணமேல்குடிப் பக்கம் நம் கரையில் தண்ணீர் வற்றினால் படகு சேற்றில் உட்கார்ந்துவிடும். தள்ளித் தள்ளியே உங்கள் தோள் காய்த்துப்போனது. கடலுக்குள் நேராக ஒரு வாய்க்கால் ஆழப்படுத்தித் தர வேண்டும் என்று ஊர்க்கூட்டத்தில் முதலில் எழுந்து பேசியதே நீங்கள்தான். ஆனால் அது ஆவுளியாவுக்காக அரசு பாதுகாக்கிற கடல். கடலாய்வு வேலையில் இருக்கிற நாங்கள் அறிக்கையில் கடற்பசு என்று எழுதுகிற அந்தச் சாதுவான பிராணி, கடலடியில் வயல்போல வளர்கிற தாழைப் புல்லைத்தான் மேயும். வாய்க்கால் வெட்டினால் தாழைக்குக் கேடு வருமா என்று பார்த்து எழுதும் வேலை என்னிடம் வந்தது.

படகுக்கு உங்களைத்தானே கூப்பிடுவேன்? மூன்று நாள் சுற்றினோம். நீங்கள் நிறுத்திய இடத்திலெல்லாம் அடிமண்ணை அள்ளிப் பார்த்தேன். எல்லாம் மணல். தாழை இல்லை என்று சந்தோஷமாக எழுதி முடித்தேன். உங்களுக்கு வாய்க்கால், எனக்கு நல்ல பெயர்.

அறிக்கை அனுப்புவதற்கு முந்தின நாள் காலையில் வீட்டுக்கு வந்தீர்கள். கொடுத்த டீயைத் தொடவில்லை.

"மாப்ள, நான் ஒன்னய மணல் வழியாவே கூட்டிட்டுப் போயிருக்கேன். தாழைக்குள்ள போனா இன்ஜின் காத்தாடில சுத்திக்கிரும்ல. இருவது வருசமா ஒதுங்கியே ஓட்டிப் பழகிருச்சு. கை தானா திரும்பிருச்சுப்பா."

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. முன்பே சொல்லக் கூடாதா என்று கத்தினேன். இதையே படிப்பாகப் படித்த எனக்குத் தோன்றாததற்கு, உங்கள் மேல் பழியைப் போட்டேன். நீங்களோ, மறுபடி போவோம் வா என்று கிளம்பிவிட்டீர்கள்.

அன்று இன்ஜினை நிறுத்திவிட்டு, கம்பு ஊன்றித் தள்ளியே, அதுவரை போகாத பக்கமெல்லாம் கொண்டுபோனீர்கள். அள்ளிய இடமெல்லாம் தாழை. தெளிந்த தண்ணீருக்கடியில் ஓரிடத்தில் தாழையை வழித்தெடுத்தது மாதிரி நீளமாக ஒரு தடம் தெரிந்தது. ஆவுளியா மேய்ந்த தடம். நேர் வாய்க்கால் அதன் நடுவில்தான் போக இருந்தது.

வாய்க்கால் தாழையை ஒதுக்கி வளைந்துதான் போக வேண்டும் என்று அறிக்கையைத் திருத்தி எழுதினேன். என் மேலதிகாரி ஒரு வாரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார், அவ்வளவுதான். ஏச்சு முழுக்க உங்களுக்கு. வளைந்து போனால் தூரம் கூடுமே, மச்சினனுக்காக ஊர் வாயில் மண்ணைப் போட்டுவிட்டான் என்றார்கள். கூட்டத்தில் நீங்கள் ஒன்றுதான் கேட்டீர்கள்.

"எறா வளர்றதும் அந்தத் தாழைக்குள்ளதானப்பா. அத வழிச்சுப்புட்டு வாய்க்கா வெட்டி, அதுல போய் எதப் பிடிக்கப் போறோம்?"

மாற்றிய திட்டத்துக்கு அனுமதி வந்தபோது நீங்கள் இல்லை. நெஞ்சு வலிக்கிறது என்று உட்கார்ந்தவர் எழுந்திருக்கவே இல்லை. அன்று கத்தியதற்கு உங்களிடம் மன்னிப்புக் கேட்டேனா? எவ்வளவு யோசித்தும் நினைவில்லை. நன்றி சொல்லவில்லை என்பது மட்டும் நன்றாக நினைவிருக்கிறது. பொய்யான ஒரு தாளில் என் கையெழுத்து விழாமல் காப்பாற்றினீர்கள் மச்சான். ஆயுசுக்கும் நன்றி.

போன வாரம் கம்பு நட்டபோது அக்காவும் கரைக்கு வந்திருந்தாள். உங்கள் தம்பிதான் உங்கள் படகில் கம்புகளை ஏற்றிப் போனார். அவை வளைந்து வளைந்து தூரத்துக்குப் போவதைப் பார்த்துக்கொண்டே நின்றவள் என்னைக் கேட்டாள்.

"தம்பி, இது ஒங்க மச்சான் போற வழில்ல?"

ஆமாம் என்றேன். அந்த முதல் மூன்று நாளில் என் ஜி.பி.எஸ். கருவியில் பதிந்த படகுத் தடத்தைத்தான் வாய்க்காலாக வரைந்திருக்கிறோம். வீண் என்று நான் அழிக்கப் பார்த்த தடம்.

இனி எந்தக் கரைக்கு வேலைக்குப் போனாலும், படகில் ஏறும் முன் படகுக்காரரிடம் ஒன்று கேட்பேன்: நீங்கள் எந்தப் பக்கம் போகவே மாட்டீர்கள்? முதலில் அங்கேதான் கூட்டிப்போகச் சொல்வேன். இது உங்களுக்கு நான் தரும் வாக்கு.

கத்தினாலும் உங்கள் மச்சினன்தான்,
செல்வம்