உன் பெயருக்கு நேரே பென்சிலில்

அன்புள்ள டாக்டரம்மாவுக்கு,

நலமா என்று கேட்க எனக்கு உரிமை உண்டா தெரியவில்லை. கேட்டுவிட்டேன். புது ஆஸ்பத்திரியில் வேலை பழகிவிட்டதா? நீ சரியாகச் சாப்பிடுவதில்லை என்று மகள் போனில் சொன்னாள். அவளையாவது அதட்டிச் சாப்பிட வை, அந்தச் சாக்கில் நீயும் கூடவே உட்காருவாய்.

இங்கே துவைத்த துணி நாற்காலியை விட்டு அலமாரிக்குப் போய் ஒரு மாதமாகிறது. வேறு விசேஷமில்லை. இல்லை, இருக்கிறது. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

நம் குழந்தைநல மருத்துவர் சங்க மாநாடு முடிந்தது. இந்த முறை நான்தான் செயலாளர். கடைசி நாள் ஒரு பயிற்சி டாக்டர் பெண் மைக்கைப் பிடித்தாள். முப்பத்திரண்டு பேச்சாளர்களில் பெண்கள் இரண்டே பேர், அதிலும் ஒருவருக்கு வரவேற்புரை, ஏன் சார் என்றாள். நாங்கள் கூப்பிடுகிறோம், அவர்கள்தான் வருவதில்லை என்று வழக்கமான பதிலைச் சொன்னேன். சிலர் கைதட்டினார்கள். அவள் உட்காரவில்லை. கூப்பிட்ட லெட்டரைக் காட்டுங்க சார் என்றாள்.

அவள் மூக்கை உடைக்கலாம் என்றுதான் மறுநாள் பழைய கோப்புகளை எடுத்தேன். உடைந்தது என் மூக்கு.

பேச அழைக்கலாம் என்று கமிட்டி போட்ட ஆறு வருடப் பட்டியலிலும் உன் பெயர் இருக்கிறது. பச்சைக்குழந்தைகளின் மஞ்சள் காமாலை பற்றிய உன் ஆய்வோடு, முதல் ஐந்துக்குள். பெயருக்கு நேரே பென்சிலில், 'வர இயலாது, கணவர் சொன்னார்'. ஆறு முறையும் அதேதான். உனக்கு ஒரு கடிதம்கூடப் போகவில்லை.

அப்போது நானும் கமிட்டியில் ஒருவன். கூட்டம் முடிந்து காபி குடிக்கும்போது தலைவர் கேட்பார், மிஸஸ் இந்தத் தடவை பேசுவாங்களா என்று. எங்க சார், குழந்தைய விட்டுட்டு எப்படி வருவா என்பேன். மறு வருடம் குழந்தைக்குப் பரீட்சை. அதற்கடுத்து என் அம்மாவுக்கு முட்டி ஆபரேஷன். அதே குழந்தைக்கு அப்பன், அதே அம்மாவுக்குப் பிள்ளை, நான் ஒரு மாநாட்டையும் விடவில்லை. உண்மையைச் சொல்கிறேன், உள்ளூரப் பயமும் இருந்தது. நீ மேடை ஏறிவிட்டால் நான் வெறும் டாக்டரம்மாவின் வீட்டுக்காரர் ஆகிவிடுவேன்.

நிகழ்ச்சி நிரல் தபாலில் வந்ததும் சாப்பாட்டு மேசையில் விரித்து, மேலிருந்து கீழே விரலை ஓட்டுவாய். கமிட்டியிடம் போய்க் கேட்பது உன் சுபாவமில்லை. எழுந்து பாத்திரம் கழுவப் போவாய். நான் பின்னாலேயே வந்து, விடு, அடுத்த வருஷம் பாத்துக்கலாம் என்பேன். அதை நினைத்தால் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருக்கிறது.

ஆறாவது வருடம், என் வேலையில சரக்கே இல்லையோ என்று கேட்டாய். நான் செய்தித்தாளைப் புரட்டிக்கொண்டிருந்தேன். அதற்கப்புறம் நீ ஆய்வுக் குறிப்பேட்டைத் திறக்கவில்லை. மூன்று வருடம் பேச்சில்லாத வீட்டில் இருந்துவிட்டு, மகளைக் கூட்டிக்கொண்டு அவ்வளவு தூரம் போய்விட்டாய்.

அந்த ஆறு பட்டியல்களின் நகலும் இத்துடன் இருக்கிறது. செயலாளர் பதவியை ராஜினாமா செய்துவிட்டேன். மைக்கைப் பிடித்த அந்தப் பெண்ணுக்கும் நடந்ததை எழுதினேன்.

திரும்பி வா என்று கேட்க எனக்கு வாயில்லை. கோபப்படு, திட்டு, இதைக் கிழித்தும் போடு. ஆனால் கிழிப்பதற்கு முன் ஒன்றை மட்டும் நம்பிவிடு, உன் காலில் விழுந்து கேட்கிறேன். உன்னை வேண்டாம் என்று அங்கே யாரும் சொல்லவில்லை. நான் ஒருவன்தான் சொன்னேன்.

நீ நன்றாக இருக்க வேண்டும்.

உன் மகளின் அப்பா