அல்பேனியாவுக்காகக் கை தூக்கிய இருவர்

ஓய், இன்று காலையில் எங்கள் அடுக்களையிலிருந்து கோதுமை வறுபடும் மணம் வந்தது. பல் தேய்த்துக்கொண்டிருந்தவன் அப்படியே நின்றுவிட்டேன். "என்ன, பல்லு வலிக்கா?" என்று கேட்டாள் என் வீட்டுக்காரி. இல்லை என்று தலையாட்டினேன். நீர் போய் மூன்று மாதம் ஆகிறது. மணத்துக்கு இதெல்லாம் எங்கே தெரிகிறது? சாலைக் கடைத்தெருவில் உம்முடைய ரேஷன் கடைக்கு நேரே என்னைக் கொண்டுபோய் நிறுத்திவிட்டது.

அந்தக் கடைக்கு முதன்முதலாகக் கோதுமை வந்த நாள் உமக்கு மறந்திருக்காது. மறக்க நான் விட்டால்தானே. அரிசி கிடைக்காத காலம். அரிசிக்குப் பதிலாக இதைத்தான் தருவார்கள் என்று நீர் அளந்து போட்டீர். அரிசிக்குப் பதிலாக என்றால் அரிசியைப் போலத்தானே பொங்க வேண்டும்? நாங்கள் பானையில் போட்டு வேகவைத்தோம், வைத்தோம், வைத்துக்கொண்டே இருந்தோம். விறகு தீர்ந்தது, கோதுமை வேகவில்லை. வெந்தது என் வயிறுதான். பானையைத் துணியில் சுற்றித் தூக்கிக்கொண்டு, வரிசையில் நின்ற அத்தனை பேருக்கும் முன்னால் உம்முடைய தராசுக்குப் பக்கத்தில் வைத்தேன்.

"இது என்னவோய், குண்டூசிக் கஞ்சியா?"

நீர் மூடியைத் திறந்து பார்த்தீர். ஒரு மணியை எடுத்துக் கடித்தீர். "ஓய், இதை இடிச்சு மாவாக்கிச் சுடணும். பஸ்ஸிலே டிக்கெட் கிழிக்கத் தெரிஞ்சா போதுமா? இது அமெரிக்காவிலேருந்து கப்பலேறி வந்திருக்கு. அதுக்கு உண்டான மரியாதையைக் குடுத்துச் சமைக்காண்டாமா?"

வரிசை முழுக்கச் சிரித்தது. அதே வரிசையில் பாதிப் பேர் அன்று ராத்திரி அதையே வேகவைத்தார்கள் என்பது எனக்கு மறுநாள் வண்டியில் தெரிந்தது. தம்பானூரிலிருந்து நாகர்கோவில் போவதற்குள் ஏழு பேர் என்னிடம் கோதுமைச் சோற்றைப் பற்றிப் புலம்பினார்கள். நானும் ஒன்றும் தெரியாதவன் போல, "அதை இடிச்சுல்லா சுடணும்" என்றேன்.

உமக்கு உலகம் சாக்கு வழியாகத்தான் தெரியும். சாக்கின் வாயைப் பிரிக்கும்போதே இன்ன நாட்டிலிருந்து வந்தது என்று உரக்கச் சொல்லுவீர். அமெரிக்காவிலிருந்து மைலோ என்று ஒரு சோளம் வந்தது. கோழிகூட யோசித்துத்தான் தின்றது. ருஷ்யாக் கோதுமை வந்தது, சீனத்து அரிசி வந்தது. யாராவது ஒருவர் கையைக் கூப்பி, "அண்ணாச்சி, கொஞ்சம் பாத்துப் போடுங்க" என்று குழைந்தால்தான் உமக்குக் கோபம் வரும். "கும்பிடாதேயும்! கார்டு இருக்குல்லா? கார்டைக் காட்டும்." கும்பிட்ட கையை இறக்கும்வரை தராசைத் தொடமாட்டீர். திமிர் பிடித்த மனுஷன் என்று கடைத்தெருவில் பாதிப் பேர் சொன்னார்கள். அதில் நானும் ஒருவன். மன்னித்துக்கொள்ளும்.

போன வருஷம் ஐப்பசி மழையில்தான் நம் வீட்டுக்குள் அல்பேனியா வந்தது. அதற்கு முன்னால் நான் செய்த ஒரு புத்திசாலித்தனத்தைச் சொல்ல வேண்டும். என் மகள் பி.ஏ. கடைசி வருஷம். எம்.ஏ. படிக்க வேண்டும் என்று நச்சரித்துக்கொண்டிருந்தாள். எட்டாம் வகுப்போடு நின்றவன் நான். இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை, சரி என்று சொல்லத் தைரியமும் வரவில்லை. "முதல்லே நாலு பேர் முன்னால மேடையிலே ஒரு தடவை பேசிக் காட்டு. அப்புறம் எம்.ஏ.யைப் பாப்போம்" என்றேன். வீட்டுக்கு விருந்தாளி வந்தால் கதவுக்குப் பின்னால் போய் நிற்கிற பெண் அவள். மேடையாவது ஏறுவதாவது என்று நிம்மதியாக இருந்தேன்.

அவள் ஏறத் தயாரானாள். கல்லூரியில் உலக நாடுகளின் சபையைப் போல ஒரு கூட்டம் நடத்தப் போகிறார்கள், ஆளுக்கு ஒரு நாடு, அந்த நாட்டுக்காரியாக நின்று பேச வேண்டும் என்றாள். சீட்டுப் போட்டு எடுத்ததில் அவளுக்கு வந்தது அல்பேனியா.

"அது எங்கே இருக்கு?" என்றேன்.

"அது தெரிஞ்சா நான் ஏன்பா அழுகேன்?"

அவளையும் கூட்டிக்கொண்டு உம்மிடம்தான் ஓடிவந்தேன். நீர் மோவாயைச் சொறிந்தீர். "அந்த ஊர்ச் சாக்கு நம்ம கடைக்கு வந்ததில்லையே ஓய். அப்பம் அவனும் நம்மளை மாதிரி வாங்கித் திங்குகவன்தான்." பார்க்காத நாட்டைப் பற்றி நீர் அன்று சொன்ன அந்த ஒரு வார்த்தை அப்படியே சரியாக இருந்ததை நினைத்தால் எனக்கு இன்றும் பொறாமையாக இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமைகளில் நாம் மூன்று பேரும் நூலகத்தில் போய் உட்கார்ந்தோம். அவள் இங்கிலீஷ் பேப்பர்களைப் புரட்டினாள். நீரும் நானும் தமிழிலும் மலையாளத்திலும் தேடினோம். நீர் எச்சில் தொட்டுப் பக்கம் திருப்பி, அங்கிருந்த சிப்பந்தியிடம் இரண்டு தடவை வாங்கிக் கட்டிக்கொண்டீர். கொஞ்சம் கொஞ்சமாக அந்த நாடு திரண்டு வந்தது. மலையும் கடலுமாகச் சின்ன நாடு. உலகச் சண்டை முடிந்ததும் பக்கத்து நாட்டுக்காரன் தானியம் கொடுத்தான், ஆள் அனுப்பினான், ரயில் பாதை போடக் கை கொடுத்தான். பிறகு இருவருக்கும் பிணக்கு. வந்த ஆட்களைத் திருப்பி அனுப்பி எல்லையையும் மூடிவிட்டார்கள். அப்புறம் ருஷ்யா கோதுமையும் இயந்திரமும் அனுப்புகிறது. தெற்கே இருக்கிறவன், உன் நாட்டில் ஒரு பகுதி என்னுடையது என்கிறான். அமெரிக்காவும் இங்கிலாந்தும் ஒரு தூதரைக்கூட அனுப்பவில்லை.

"பாவம், ஒரு மாமியார் வீட்டிலேருந்து தப்பிச்சு இன்னொரு மாமியார் வீட்டுக்குப் போயிருக்கு" என்றீர்.

மூன்றாவது ஞாயிறு அவள் பேப்பரிலிருந்து தலையைத் தூக்கவே இல்லை. கடைசியில் மெதுவாகச் சொன்னாள். "அப்பா, இந்த நாடு சபையிலேயே இல்ல. பல வருஷமா மனுப் போட்டுக்கிட்டே இருக்கு. உள்ளே எடுக்கல்ல."

பூகோளப் படத்தைப் பார்த்து நாடுகளின் பெயரைச் சீட்டில் எழுதியவர்கள் அதைக் கவனிக்கவில்லை. மறுநாள் கூட்டத்தை நடத்துகிற டீச்சரிடம் போய்ச் சொன்னாள். டீச்சர் நல்லவர். பாவம், அவரும் சங்கடப்பட்டார். மற்ற நாடுகளெல்லாம் பங்கு போட்டாகிவிட்டது. சபையில் இல்லாத நாட்டுக்கு நாற்காலி எப்படிப் போடுவது? வந்தவர்களை வரவேற்கிற குழுவில் இருந்துகொள் என்றார். சந்தனக் கிண்ணம் ஏந்துகிற வேலை. என் மகள் வந்து பாயில் குப்புறப் படுத்துவிட்டாள். அவளுக்கு அல்பேனியா போனால் மேடை போகும், மேடை போனால் எம்.ஏ. போகும். கண்டிஷன் போட்ட மகராஜன் நான் திருடன் மாதிரி வாசலில் நின்றுகொண்டிருந்தேன். உண்மையைச் சொல்லுகிறேன், உள்ளுக்குள் ஒரு ஓரத்தில் எனக்குச் சந்தோஷம்கூட இருந்தது. தப்பித்தோம் என்று.

நீர் கடையைப் பூட்டிக்கொண்டு வந்தீர். விஷயத்தைக் கேட்டதும் என்னைத்தான் முறைத்தீர்.

"நாற்காலி இல்லேன்னா நின்னு பேசட்டுமே. பஸ்ஸிலே சீட்டு இல்லேன்னு நீர் ஆளை இறக்கியா விடுதீர்? மனுப் போட்டவனைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேக்காம எந்த ஆபீசு ஓய் இருக்கு?"

அவள் பாயிலிருந்தே முகத்தைத் திருப்பினாள். "மாமா, நின்னு என்னத்தைப் பேசுகது? எல்லாரிட்டயும் கோதுமை வாங்கித் தின்னுக்கிட்டு, இப்பம் நாற்காலியும் தாங்கன்னா கெஞ்சுகது?"

நீர் சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்துக்கொண்டு நின்றீர். அவளே எழுந்து உட்கார்ந்தாள்.

"கெஞ்சாண்டாம், இல்லியா மாமா? உங்க கடையிலே யாரையும் கும்பிட விடமாட்டியளே. கார்டு இருக்குன்னு சொல்லுவியளே."

"ஆமா" என்றீர்.

"அது போதும். நான் டீச்சர்கிட்டே கேக்கேன்."

என்ன கேட்டாளோ, எப்படிக் கேட்டாளோ, டீச்சர் சம்மதித்துவிட்டார். மனுச் செய்த நாடு வாசல் பக்கம் நின்று பேசலாம், பேசி முடித்ததும் உள்ளே எடுக்கலாமா என்று வோட்டு எடுக்கலாம்.

அன்று உம்முடைய வேட்டியில் இருந்த கஞ்சி மொடமொடப்பு எனக்கு இப்போதும் காதில் கேட்கிறது. நாம் இருவரும் பார்வையாளர் பெஞ்சில் முழங்கால் இடிக்க உட்கார்ந்திருந்தோம். பேச்செல்லாம் இங்கிலீஷ். எனக்குத் தெரிந்த இங்கிலீஷ், வண்டியை நிறுத்த 'ஹோல்டான்', கிளப்ப 'ரைட்', இரண்டும்தான். உமக்குச் சாக்கில் அச்சடித்த வார்த்தைகள் தெரியும். நாற்காலியில் உட்கார்ந்திருந்த நாடுகளெல்லாம் பேசி முடித்தன. கடைசியில் கதவோரம் நின்ற என் மகளைக் கூப்பிட்டார்கள். முன்னால் ஒரு அடி எடுத்து வைத்தாள். என் கை உம்முடைய முழங்காலைப் பிடித்திருந்ததாக நீர் பிற்பாடு சொன்னீர். நீலம் பாரித்திருந்ததாகவும் சொன்னீர். அதை நான் நம்பவில்லை.

அவள் பேசினாள். 'வீட்' என்ற வார்த்தை வந்தபோதெல்லாம், "கோதுமை, கோதுமை" என்று நீர் எனக்கு மொழிபெயர்த்தீர். அன்று ராத்திரி அவளிடம் முழுவதையும் தமிழில் சொல்லச் சொல்லிக் கேட்டோம். யார் யாரிடம் என்ன வாங்கினோம் என்பதை அவள் ஒளிக்கவில்லை. தந்தவர்களுக்கு நன்றி சொன்னாள். "தானியம் தந்தவர் எங்கள் வயிற்றை அறிவார். எங்கள் வாயால் பேச எங்களுக்கு மட்டும்தான் தெரியும். அதற்கு ஓர் இடம் கேட்டு வந்திருக்கிறோம்" என்றாளாம்.

அப்புறம் நடந்ததைக் கடைத்தெருவில் நீர் எத்தனை பேரிடம் சொன்னீரோ. சம்மதிக்கிறவர்கள் கை தூக்கலாம் என்றார்கள். கைகள் எழுந்தன. எண்ணிப் பார்த்து, அல்பேனியா ஒரு வோட்டில் ஜெயித்தது என்று அறிவித்துவிட்டார்கள்! பெண்கள் கை தட்டினார்கள். அரை நிமிஷம் இருக்கும். டீச்சர் நம் பெஞ்சுப் பக்கம் வந்து குனிந்து மலையாளத்தில் சொன்னார்.

"அச்சன்மாரே, விசிட்டர்மாருக்கு வோட்டு இல்ல. கை தாழ்த்தணும்."

அப்போதுதான் பார்த்தேன். மேலே உம்முடைய கை. பக்கத்தில் இன்னொரு கை, காக்கிச் சட்டைக் கை, என்னுடையதேதான். சபை முழுக்கத் திரும்பிப் பார்த்துச் சிரித்தது. மறுபடி எண்ணினார்கள். ஒரு வோட்டில் அல்பேனியா தோற்றது.

வரும் வழியில் மழையில் நனைந்துகொண்டே நான் மெதுவாக ஆரம்பித்தேன். "பேசினா, சரிதான். ஆனாலும் தோத்துட்டால்லா. எம்.ஏ. விஷயத்தை யோசிச்சு..." நீர் நடுரோட்டில் நின்றுவிட்டீர். "பேசிக் காட்டுன்னு சொன்னீரா, ஜெயிச்சுக் காட்டுன்னு சொன்னீரா?" அதற்குப் பிறகு கரமனை வரை எனக்கு நாலு அடி முன்னாலேயே நடந்தீர். நானும் யோசிக்கிற மாதிரி நடித்தேன். அந்த நடிப்பை ஒரு மாதத்துக்கு மேல் இழுத்தேன்.

மார்கழி பிறக்கிற நேரம். காலை வண்டி தம்பானூரிலிருந்து புறப்பட்டுவிட்டது. பின்னால் ஒருவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பேப்பரை ஆட்டியபடி ஓடிவருகிறார். நீர்தான். மணியடித்து நிறுத்தினேன்.

"ஓய்! பேரு வந்திருக்கு!"

"பரீட்சையிலா?" என்று ஜன்னலோரத்துக் கிழவர் ஒருவர் கேட்டார்.

"அல்பேனியாவுக்கு!" மூச்சு வாங்கப் படியில் ஏறினீர். "பதினாறு நாடு ஓய், ஒரே நாளிலே உள்ளே எடுத்தாச்சு. நம்ம சிலோன், நேப்பாளம் எல்லாம் இப்பம்தான் எடுத்திருக்கான். கேட்டீரா, சிலோனும் இத்தனை நாளும் வெளியிலதான் நின்னிருக்கு!" பிறகு பேப்பரை என் டிக்கெட் கட்டின் மேல் வைத்து அழுத்தினீர். "இப்பம் நீர் என்ன சொல்லுதீர்?"

வண்டியே என்னைப் பார்த்தது. அல்பேனியாவை யாருக்கும் தெரியாது, ஆனாலும் எல்லோருக்கும் பதில் வேண்டியிருந்தது. "என்ன சாரே, பறயூ" என்று டிரைவர் வேறு பதில் கேட்டார். "படிக்கட்டும்" என்றேன். அந்தக் கிழவர்தான் முதலில் கை தட்டினார்.

ஆடி மழையில் நீர் கிளம்பிவிட்டீர். ஒரு வாரக் காய்ச்சல். உம்மைப் போல அவசரக்காரர் இல்லை. அவள் எம்.ஏ. வகுப்புக்குப் போன முதல் நாள் உம்முடைய கடை வழியாகத்தான் போனாள். இப்போது வெளிநாட்டுக் காரியங்களைப் பற்றித்தான் படிக்கிறாள். வீட்டுக்கு விருந்தாளி வந்தால் கதவுக்குப் பின்னால் நிற்பது நான். உட்கார்ந்து பேசுவது அவள். நானும் பேப்பரில் இப்போது முதலில் வெளிநாட்டுச் செய்தியைத்தான் பார்க்கிறேன். பெரிய நாடுகளைத் தாண்டிச் சின்ன எழுத்தில் இருக்கிறதைத் தேடுகிறேன். அகப்பட்டால் வண்டியில் ஏறுகிறவர்களிடம் சொல்லுகிறேன். பாதிப் பேர் தூங்கிவிடுகிறார்கள்.

ஒரு ஆசை மட்டும் மனதில் கிடக்கிறது. என்றைக்காவது அந்த ஊர்க்காரன் ஒருவன் வழி தவறியாவது இந்த ஊருக்கு வந்து என் வண்டியில் ஏற வேண்டும். பாஷை தெரியாது, பரவாயில்லை, கையைக் காட்டிக் கேட்டுக்கொள்ளுவேன். நீர் இருந்திருந்தால் நீரே முந்திக்கொண்டு கேட்டிருப்பீர். இனி நம் இருவருக்குமாகச் சேர்த்து நான்தான் கேட்க வேண்டும்: "எங்க வீட்டுப் பிள்ளை உங்களுக்காக ஒரு நாள் பேசினாளே, அங்கே கேட்டுதா?"