உப்புக்குத் தெரியாத தீட்டு

அக்கா,

இன்று காலை உப்பளத்து வரப்பில் கற்பூர வாசனை. மழை ஓய்ந்து, பாத்திகளில் தேங்கிய தண்ணீரை இறைத்துவிட்டு, இந்த வருஷத்து வேலையைத் தொடங்கப் பூசை போட்டார்கள். கற்பூரம் ஏற்றினாலே நீ முகத்தைத் திருப்பிக்கொள்வாய். கண் எரியுது என்பாய். கன்னத்தில் போட்டுக்கொள்ளாமல் இருக்க உனக்கு அது ஒரு சாக்கு. இந்த முறை எனக்குப் பக்கத்தில் நீ நிற்கும் இடம் காலியாக இருந்தது.

பூசை முடிந்ததும் கங்காணி பெண்கள் பக்கம் திரும்பினார். "பொம்பளைங்க சுத்தபத்தமா இருந்தா எல்லாம் நல்லா நடக்கும். போன வருஷம் ஒருத்தி ஆடினா. இன்னா ஆச்சுன்னு பாத்தீங்க இல்ல." உன் பேரைச் சொல்லவில்லை. ஆனால் எல்லோரும் என்னைத்தான் பார்த்தார்கள்.

அவருக்கு நான் சொன்ன பதிலை உன்னிடம் சொல்லவே இதை எழுதுகிறேன். நீ மேலே இருந்து பார்க்கிறாய் என்றெல்லாம் எழுத மாட்டேன். அப்படி யாராவது பேசினால் உனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும்.

மாதவிலக்கான பெண் பாத்தியில் இறங்கினால் உப்பு கறுத்துவிடும் என்பது நம் அளத்துப் பழக்கம். அந்த நாட்களில் வீட்டில் உட்கார்ந்துவிடுவோம், கூலியும் இருக்காது. நானும் அதை ஒருநாளும் கேள்வி கேட்டதில்லை. சுனாமி வந்து பாத்திகளையெல்லாம் சேறாக்கிவிட்டுப் போன பிறகு பயம் இன்னும் கூடியது. எவளோ தீட்டோடு இறங்கியதால்தான் கடல் பொங்கியது என்று முதலாளி வீட்டு ஜோசியர் சொல்லிவிட்டாராம்.

சோற்றுத் தூக்கைத் திறந்துகொண்டே நீ கேட்டாய்: "நாகப்பட்டினத்துலயும் அலை வந்துச்சு. இலங்கையிலயும் வந்துச்சு. அத்தனை ஊருக்கும் சேர்த்து நம்ம அளத்துல ஒருத்தி இறங்கினது போதுமா?" எனக்குச் சிரிப்பு வந்தது. மற்றவர்கள் எழுந்து வேறு இடம் பார்த்து உட்கார்ந்தார்கள். அதற்கு மேல் நீ யாரிடமும் வாதாடவில்லை. அடங்கிவிட்டாய் என்றுதான் நாங்கள் நினைத்தோம்.

போன வைகாசியில் ஒருநாள், உப்பு வாரிக்கொண்டிருக்கும்போதே எனக்கு வந்துவிட்டது. புடவையில் கறை. கங்காணி பார்த்துவிட்டார். அந்தப் பாத்தி உப்பு முழுவதையும் ஓடையில் கொட்டச் சொன்னார். என்னை இனி அளத்துப் பக்கமே வரக்கூடாது என்றார். பிள்ளைகளை வைத்துக்கொண்டு வேறு எங்கே வேலை தேடுவேன்?

நீ உப்பு வாரும் பலகையைக் கீழே போட்டாய்.

"நில்லுங்கண்ணே. நான் மாசியிலேர்ந்து ஒருநாளும் வீட்ல உக்காரல. மாசாமாசம் அந்த நாள்லயும் இதே பாத்தியில இறங்கித்தான் வாரினேன். அந்த உப்பத்தான் வெள்ளை வெளேர்னு இருக்குதுன்னு சொல்லி லாரியில ஏத்தினீங்க."

"உனக்குத்தான் நின்னு போச்சுன்னு சொன்னியே?" என்று ஒருத்தி கேட்டாள்.

"பொய் சொன்னேன். உண்மையைச் சொன்னா இறங்க விட்டிருப்பீங்களா?" என்ற நீ, கங்காணியைப் பார்த்துச் சொன்னாய்: "அம்மன் கோயில்ல கொட்டணும்னு தனியா மூட்டை கட்டி எடுத்துட்டுப் போனீங்களே, அதுவும் நான் வாரினதுதான். அம்மன் வேணாம்னு சொல்லலியே."

பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். ஒருத்தி கன்னத்தில் போட்டுக்கொண்டாள். கங்காணி என்னைப் பார்த்தார், உன்னைப் பார்த்தார், குவித்து வைத்திருந்த உப்பைப் பார்த்தார். கொட்டச் சொன்ன உப்பை அப்படியே விட்டுவிட்டு அளத்துக் குடிசைப் பக்கம் போய்விட்டார். மறுநாள் நான் வேலைக்கு வந்தேன். யாரும் தடுக்கவில்லை.

"சாமி இருந்தா இருந்துட்டுப் போவுது. உப்பு விளையறது வெயில்லயும் காத்துலயும். அது என் கண்ணுக்குத் தெரியுது" என்று அன்றைக்குச் சொன்னாய்.

ஐப்பசி மழைக்கு அளம் மூடியதும் புதுச்சேரிப் பக்கம் கட்டட வேலைக்குப் போனாய். நீ போன வேன் கிழக்குக் கடற்கரைச் சாலையில் கவிழ்ந்தது. உன்னை வீட்டுக்குக் கொண்டுவந்து கிடத்தும் முன்பே ஊரில் பேச்சு கிளம்பிவிட்டது. அம்மன் கேட்டுட்டா என்றார்கள். உன் காலடியில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்த என் காதில் படவேண்டும் என்றே சொன்னார்கள். எனக்கு வந்த ஆத்திரத்தில் அழுகைகூட நின்றுபோனது.

பயமும் வந்தது அக்கா. ஒருவேளை உண்மையாக இருக்குமோ என்று சில நாள் அரண்டுபோய்க் கிடந்தேன். பிறகு நீ கேட்பதுபோல் நானே கேட்டுப் பார்த்தேன். வேனை ஓட்டிய பையன் வருஷா வருஷம் மாலை போடுகிறவன். வண்டிக்கு முன்னால் எலுமிச்சம்பழமும் மிளகாயும் தொங்கின. அவனும் செத்தான். அவன் என்ன தீட்டுப் பட்டான்? சாலையோரம் கிடந்த வேனைப் போய்ப் பார்த்தேன். டயர் வழவழவென்று தேய்ந்திருந்தது. உன்னைக் கொன்றது அந்த டயர். அதை விட்டுவிட்டு அம்மனைச் சொன்னால் தேய்ந்த டயரோடு அடுத்த வேனும் ஓடும்.

இன்று கங்காணி அப்படிச் சொன்னதும் நான் முன்னால் போய் நின்றேன்.

"அண்ணே, எனக்கு நேத்தே வந்துடுச்சு. இப்ப இறங்கிப் பாத்திய மிதிக்கப் போறேன். எல்லாருக்கும் தெரிஞ்சே இறங்கறேன்."

அவர் முகம் சுருங்கிப்போனது. "உப்பு கறுத்தா நீதான் பொறுப்பு."

"சரிண்ணே. வெளுத்தா?"

புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கினேன். சேறு சில்லென்று இருந்தது. தரை இறுகுவதற்காகச் சாயங்காலம்வரை பாத்தியை மிதித்தேன். கூட ஒருத்தியும் இறங்கவில்லை, ஆனால் ஒருத்தியும் வீட்டுக்குப் போகவில்லை. வரப்பில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தார்கள்.

உப்பு விளைய இன்னும் நாளாகும். நன்றாக விளையலாம். திடீர் மழை வந்து எல்லாம் கரைந்தும் போகலாம். கரைந்தால் என்னால்தான் என்பார்கள். எனக்குக் காய்ச்சல் வந்தாலும், பிள்ளைகளுக்கு ஒன்று என்றாலும் அப்படித்தான் சொல்வார்கள். சொல்லட்டும் அக்கா. அடுத்த மாதமும் அந்த நாளில் இறங்குவேன்.