மாலதியின் ரீலில் மட்டும் பாட்டு

செவ்வாய், இரவு.

இன்று தைத்து முடித்த கல்யாணப் பிளவுஸை இன்ஸ்டாவில் ரீல் போடலாம் என்று உட்கார்ந்தால், சினிமாப் பாட்டு ஒன்றுகூட வரவில்லை. பேர் தெரியாத மெட்டுகள்தான். பிசினஸ் அக்கவுன்ட்டுக்கு லைசென்ஸ் உள்ள இசை மட்டும்தானாம். போன வாரம் என் அக்கவுன்ட்டை அப்படி மாற்றிவிட்டதே பக்கத்துத் தையல்கடை மாலதிதான். "நானும் மாத்திக்கினேன்க்கா, ஆர்டர் கொட்டும்" என்றாள்.

சாயங்காலம் கேட்டதற்கு, "எனக்குந்தான் பாட்டு வர்ல, இன்னா பண்றது?" என்றாள். பாவம் என்று நினைத்தேன்.

இப்போது அவள் புது ரீலைப் பார்த்தேன். சினிமாப் பாட்டு அமர்க்களமாக ஓடுகிறது. கவரைப்பேட்டையே லைக் போட்டிருக்கிறது.

அக்கவுன்ட்டை மாற்றிய அன்றைக்கு நான் கொக்கி தைத்து முடிக்கும்வரை என் போன் அவள் கையில்தான் இருந்தது. கஸ்டமர் நம்பரெல்லாம் அதில்தான் இருக்கின்றன.